அப்பாச்சி: இரண்டாவது தளத்தைத் திறந்தால் முதல் தளமே வருகிறது

கேட்டவர்:
டெபியன் லினக்ஸ் சர்வர், வலைத்தளங்களை வழங்கும் மென்பொருளாக அப்பாச்சி 2.4, ஒரே ஐபி. அதில் என் புகைப்பட ஆல்பம் தளம் ரொம்ப நாளாக ஓடுகிறது. இப்போது வலைப்பூவுக்குத் தனி டொமைன் வாங்கி, இன்னொரு விர்ச்சுவல் ஹோஸ்ட் (அதே சர்வரில் தனித் தளத்துக்கான அமைப்புப் பகுதி) எழுதினேன். வலைப்பூ முகவரியைத் தட்டினால் ஆல்பம்தான் வருகிறது. முகவரிப் பட்டையில்கூட ஆல்பத்தின் பெயர் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

டிஎன்எஸ் (பெயரை ஐபியாக்கும் பதிவு) சரி, பிங் செய்தால் என் ஐபிதான். அமைப்புக் கோப்புகளைச் சோதிக்கும் கான்ஃபிக்டெஸ்ட் 'சின்டாக்ஸ் ஓகே' என்கிறது. ரீஸ்டார்ட்டும் செய்தாயிற்று. தளத்தின் பெயரைச் சொல்லும் சர்வர்நேம் வரியை எழுத்து எழுத்தாகப் பார்த்துக் கண் வலிக்கிறது. அப்பாச்சியோடு வரும் 000-டிஃபால்ட் கோப்பை முன்பே முடக்கிவிட்டேன்.

பதில் 1:
நேம்விர்ச்சுவல்ஹோஸ்ட் வரி சேர்த்தீர்களா? அது இல்லாமல் ஒரே ஐபியில் இரண்டு தளம் ஓடாதே.

பதில் 2:
அது 2.2 காலத்துக் கதை. 2.4-இல் அந்த வரிக்கு வேலையே இல்லை, எழுதினால் ஓர் எச்சரிக்கை வரும், அவ்வளவுதான்.

கேட்டவருக்கு: கான்ஃபிக்டெஸ்டை ரொம்ப நம்பாதீர்கள். தான் படித்த கோப்பில் இலக்கணப் பிழை உண்டா என்று மட்டும்தான் அது சொல்லும். படிக்காத கோப்பைப் பற்றி வாயே திறக்காது. அப்பாச்சி2சிடிஎல் கட்டளையுடன் '-எஸ்' கொடுத்து ஓட்டுங்கள், பெரிய எழுத்து எஸ். அப்பாச்சி படித்த ஹோஸ்ட்களை அது பட்டியலிடும். என்ன வருகிறது?

கேட்டவர்:
இரண்டே வரி. போர்ட் 80-க்கு (எச்டிடிபி) ஆல்பம், 443-க்கும் (எச்டிடிபிஎஸ்) ஆல்பம். வலைப்பூ பெயரே இல்லை!

பதில் 2:
அப்படியென்றால் உங்கள் கோப்பை அப்பாச்சி படிக்கவே இல்லை. அதை எப்படி எனேபிள் செய்தீர்கள்?

கேட்டவர்:
தளத்தை எனேபிள் செய்யும் ஏ2என்சைட் கட்டளையைக் கொடுத்தேன், 'அப்படி ஒரு சைட் இல்லை' என்றது. கோப்புதான் இருக்கிறதே என்று நானே சைட்ஸ்-எனேபிள்ட் ஃபோல்டரில் சிம்லிங்க் (கோப்புக்கான குறுக்குவழி) போட்டேன். கோப்பின் பெயர் வெறும் 'வலைப்பூ'.

பதில் 2:
அங்கேதான் சிக்கல். டெபியனின் முதன்மை கான்ஃபிக் கோப்பு, சைட்ஸ்-எனேபிள்டில் 'டாட் கான்ஃப்' என்று முடிபவற்றை மட்டும்தான் உள்ளே இழுக்கும். ஏ2என்சைட் கையை விரித்ததும் அதனால்தான். பழைய 2.2 அமைப்பில் எந்தப் பெயராக இருந்தாலும் எடுத்துக்கொள்ளும். நீங்கள் பார்த்த வழிகாட்டி அந்தக் காலத்தது போலிருக்கிறது.

ஆல்பம் ஏன் வருகிறது என்றால், அப்பாச்சி முதலில் ஐபியையும் போர்ட்டையும் பார்க்கும். அதில் பொருந்துபவற்றுள், பிரவுசர் அனுப்பும் ஹோஸ்ட் ஹெட்டரை (கேட்கப்படும் தளத்தின் பெயர்) சர்வர்நேம், மாற்றுப் பெயர்களுக்கான சர்வர்அலையாஸ் இரண்டோடும் ஒப்பிடும். எதுவும் ஒத்துவரவில்லை என்றால் பிழை காட்டாது, முதலில் படித்த ஹோஸ்ட்டின் தலையில் கட்டிவிடும். உங்களிடம் இருந்ததே ஒன்றுதான்.

கேட்டவர்:
பெயரை மாற்றி, பழைய சிம்லிங்கை அழித்து, முறையாக எனேபிள் செய்து ரீலோடு கொடுத்தேன். இப்போது '-எஸ்' கொடுத்தால் 80-இல் இரண்டு பெயரும் தெரிகின்றன. கட்டளை வரியில் கர்ல் போட்டால் 200 (வெற்றி), வலைப்பூவின் பக்கமே வருகிறது. ஆனால் பிரவுசரில் இன்னும் ஆல்பம்தான்! தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பதில் 3:
முதல் பதிவிலேயே துப்பு கொடுத்துவிட்டீர்கள், முகவரிப் பட்டை மாறியது என்று. டிஃபால்ட் ஹோஸ்ட்டில் விழுந்தால் பக்கம்தான் மாறும், முகவரி மாறாது. ஆல்பத்தின் 80 பகுதியில், எல்லாவற்றையும் எச்டிடிபிஎஸ்-க்குத் தள்ளும் ரீடைரக்ட் பெர்மனென்ட் வரி இருக்கிறதா?

கேட்டவர்:
ஆமாம், இருக்கிறது.

பதில் 3:
அதுதான். வலைப்பூவைக் கேட்டபோதும் அந்த வரிதான் 301 (நிரந்தர இடமாற்றம்) அனுப்பியிருக்கிறது. நிரந்தரம் என்று சொன்னதால் பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொண்டு, இப்போது உங்கள் சர்வரிடம் கேட்காமலேயே ஆல்பத்துக்கு ஓடுகிறது. பிரைவேட் விண்டோவில் திறந்து பாருங்கள், பிறகு கேஷை அழியுங்கள். சோதனை முடியும் வரை 302 (தற்காலிக இடமாற்றம்) வைத்துக்கொள்வது நல்லது. இந்த 301-இடம் நானும் ஒருமுறை அரை நாளை இழந்திருக்கிறேன்.

இன்னொன்று, 443-இல் வலைப்பூவுக்கு இன்னும் ஹோஸ்ட் இல்லை. எச்டிடிபிஎஸ் என்று தட்டுகிறவருக்கு ஆல்பத்தின் சான்றிதழ் போய், பெயர் பொருந்தவில்லை என்று பிரவுசர் மிரட்டும்.

கேட்டவர்:
பிரைவேட் விண்டோவில் வந்துவிட்டது! சான்றிதழ் இன்றிரவு. ஆனால் முன்னால் டபிள்யூடபிள்யூடபிள்யூ சேர்த்தால் மறுபடி ஆல்பம்...

பதில் 2:
சர்வர்அலையாஸ் வரியில் அந்தப் பெயரைச் சேருங்கள். அப்படியே 000-டிஃபால்ட்டையும் திரும்ப எனேபிள் செய்து, அதில் 404 (பக்கம் இல்லை) மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். தெரியாத பெயரெல்லாம் அங்கே போய் விழட்டும்.