புதுப்பிப்பு: பேண்ட்சா பிளேடு டென்ஷன் சரியாகிவிட்டது

கிருஷ்ணகிரியில் எங்கள் பட்டறையில் பேண்ட்சாவில் (இரண்டு சக்கரங்களில் வளையமாக ஓடும் பிளேடால் மரம் அறுக்கும் மெஷின்) மாம்பலகை அறுக்கும்போது அரை இஞ்ச் பிளேடு குறித்த கோட்டிலிருந்து விலகி ஓடுகிறது, டென்ஷன் (பிளேடின் இறுக்கம்) எவ்வளவு வைப்பது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மெஷினில் உள்ள டென்ஷன் ஸ்கேலை நம்பாதே, பிளேடின் படபடப்பைப் பார்த்து வை என்று ஒரு அண்ணன் சொன்னதுதான் கைகொடுத்தது. கைடுகளை (பிளேடு விலகாமல் தாங்கும் பாகங்கள்) பிளேடில் படாமல் விலக்கி, கதவுகளை மூடி, மரம் வைக்காமல் ஓட்டினேன். பிளேடு படபடக்கும்வரை மெல்லத் தளர்த்தி, அது நிற்கும்வரை இறுக்கி, மேலும் கால் சுற்று.

எதிர்பாராதது ஒன்று: அப்போதும் கொஞ்சம் விலகியது. கரண்டைத் துண்டித்துப் பார்த்தால், கீழ்ச் சக்கர ரப்பரில் பிசினும் மரத்தூளும் கெட்டியாக அப்பியிருந்தன. சுரண்டியபின் நேராக அறுக்கிறது. இப்போது தினமும் வேலை முடிந்ததும் டென்ஷனைத் தளர்த்திவிடுகிறேன்.