செலரான் பூங்காவில் இரண்டு லூசிகள்

நடிகைகளை நேரில் சந்தித்த கதைகளை எல்லாரும் எழுதுகிறீர்கள். அமெரிக்க நகைச்சுவை நடிகை லூசில் பாலின் ஊருக்கு நான் போனபோது அந்த அம்மா இறந்து பல வருடம் ஆகியிருந்தது. பார்த்தது சிலையைத்தான், அதுவும் இரண்டு.

மகன் அமெரிக்காவில், பஃபலோ நகரில் இருக்கிறான். நாங்கள் போயிருந்தபோது ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மருமகள், லூசில் பால் லூசியாக நடித்த ‘ஐ லவ் லூசி’ டிவி தொடரைப் போடுவாள். சாக்லேட் ஆலையில் பெல்ட் வேகம் பிடிக்க, காகிதம் சுற்றி மாளாமல் லூசி சாக்லேட்டை வாயிலும் தொப்பியிலும் சட்டைக்குள்ளும் திணிக்கும் காட்சி 1952இல் வந்தது. ஆங்கிலம் பாதிதான் புரியும் என் மனைவி அதைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை ஜேம்ஸ்டவுனுக்குக் கிளம்பினோம். 1911இல் அவர் பிறந்த ஊர். வளர்ந்தது பக்கத்தில் ஏரிக்கரையில் இருக்கும் செலரானில். அங்கே பூங்காவில் 2009இல் வைத்த வெண்கலச் சிலை, ஒரு கையில் டானிக் பாட்டில், மறு கையில் கரண்டி. டானிக் விளம்பரத்துக்கு ஒத்திகை பார்த்துப் பார்த்தே லூசிக்குப் போதை ஏறிவிடும் புகழ்பெற்ற காட்சி அது. சிலையின் முகமோ சாமி வந்து ஆடுகிறவர் மாதிரி இருந்தது. “மாமா, இவங்களா அவங்க?” என்றாள் மருமகள். ஊர்க்காரர்களுக்கும் அதே சந்தேகம்தான். ‘பயமுறுத்தும் லூசி’ என்று பெயர் வைத்து, இணையத்தில் பெரிய கலாட்டா செய்து, 2016இல் அவருடைய பிறந்தநாளான ஆகஸ்ட் 6 அன்று புதுச் சிலை வந்தது. பழையதையும் தூக்கிப் போடவில்லை; அதே பூங்காவில் வைத்திருக்கிறார்கள். நாங்கள் நின்ற நேரத்தில் போட்டோவுக்குக் கூட்டம் பழையதன் பக்கம்தான்!

புதுச் சிலை லட்சணமாக இருக்கிறது, ஆனால் சிரிப்பு வரவில்லை. சிற்பியைக் குறை சொல்ல மாட்டேன். அந்த அம்மாவின் நகைச்சுவை முழுக்க அசைவில் இருந்தது. அசையாமல் நிற்கிற லூசியை யாரால் செய்ய முடியும்?

ஜேம்ஸ்டவுனில் அவருக்கென்று ஒரு அருங்காட்சியகமும் உண்டு. எனக்குப் பிடித்தது அவருடைய வியாபாரப் புத்தி. சினிமாவில் பெரிய இடம் கிடைக்காமல் வானொலிக்குப் போய், நாற்பது வயதில் டிவிக்கு வந்தவர். நிஜக் கணவர் டெசி அர்னாஸ்தான் ஜோடியாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அவர் கியூபாக்காரர், ஜனங்கள் ஏற்பார்களா என்று சிபிஎஸ் டிவி நிறுவனம் தயங்கியது. இருவரும் ஊர் ஊராக மேடையேறி ஏற்க வைத்தார்கள். நேரலையாக நடத்தாமல், பார்வையாளர்கள் முன்னால் மூன்று கேமரா வைத்து பிலிமில் எடுத்தார்கள். செலவு கூடுதல். அதற்காகச் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, படச்சுருளின் உரிமையைக் கேட்டு வாங்கினார்கள். மறுஒளிபரப்பில் காசு இருக்கிறது என்று பலருக்கும் தோன்றாத காலம்! ஒரு காலத்தில் சம்பளத்துக்கு நடித்த ஆர்.கே.ஓ. சினிமா ஸ்டுடியோவைப் பின்னால் அவர்கள் கம்பெனியே வாங்கியது. விவாகரத்துக்குப் பிறகு, 1962இல், கணவரின் பங்கையும் வாங்கி லூசியே முதலாளி ஆனார்.

இதையெல்லாம் நான் சொன்னபோது மகன் போனையே நோண்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஸ்டார் டிரெக் என்ற விண்வெளி டிவி தொடர் மேல் பைத்தியம். அதைத் தயாரித்ததே இந்த அம்மாவின் கம்பெனிதான் என்றதும், “நிஜமாவாப்பா?” என்று போனை உள்ளே வைத்தான்.