செஸ் ரெக்கார்ட்ஸ் படத்தில் எது நிஜம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

நண்பர்களே, ஒரு உதவி. சிகாகோவின் செஸ் இசை நிறுவனத்தைப் பற்றி 2008இல் வந்த 'கேடிலாக் ரெக்கார்ட்ஸ்' பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 1941இல் மிசிசிப்பியின் ஸ்டோவால் பண்ணைக்கே போய் ப்ளூஸ் இசைப் பாடகர் மடி வாட்டர்ஸின் பாட்டை, நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் பதிவு செய்தது நிஜம். படத்திலும் அது வருகிறது. ஆனால் 1955 முதல் செஸ்ஸுக்காகப் பாடிய போ டிட்லி படத்திலேயே இல்லை! அண்ணன் லெனர்டோடு தோளோடு தோள் நின்று நிறுவனத்தை நடத்திய ஃபில் செஸ்ஸும் கண்ணில் படுவதே அரிது. எனக்கு இது பெரிய அநியாயமாகத் தெரிகிறது.

சரி, என் கேள்வி இதுதான். லெனர்டுக்கும் பாடகி எட்டா ஜேம்ஸுக்கும் இடையே படம் காட்டும் அந்த நெருக்கத்துக்கு ஆதாரம் உண்டா? 1995இல் வந்த எட்டாவின் தன்வரலாற்றை யாராவது படித்திருந்தால், அதில் லெனர்டைப் பற்றி அவர் என்ன சொல்கிறார் என்று கொஞ்சம் விரிவாக எழுதுங்கள். அப்புறம், செஸ்ஸின் ஹார்மோனிகா கலைஞர் லிட்டில் வால்டரைப் பற்றி நம்பகமான புத்தகம் எது?