வளைந்த எழுத்துக்கு அடியில் தெரியும் கோட்டை எப்படி மறைப்பது?

கேட்டவர்:
வணக்கம். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் ஒரு வட்ட முத்திரை வரைந்துகொண்டிருக்கிறேன். நடுவில் படம், மேல் பாதியில் பெயர் வளைந்து வர வேண்டும். வட்டம் போட்டு, பெயரைத் தட்டச்சு செய்து, இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து டெக்ஸ்ட் மெனுவில் புட் ஆன் பாத் கொடுத்ததும் எழுத்து அழகாக வட்டத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஆனால் அந்த வட்டக் கோடு மட்டும் போக மாட்டேன் என்கிறது. மு, ழு, து போன்ற எழுத்துகளின் வால் கோட்டுக்குக் கீழே இறங்குவதால், கறுப்புக் கோடு அவற்றை நடுவே வெட்டிக்கொண்டு போகிறது, பெயரையே அடித்துவிட்ட மாதிரி இருக்கிறது.
கோட்டைத் தேர்ந்தெடுத்து டிலீட் அழுத்தினேன், எழுத்து மறுபடி நேராகிவிட்டது. கீழே வண்ணப் பட்டையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தினேன், எழுத்தே காணாமல் போய்விட்டது! இரண்டு நாளாக இதே வேலை. யாராவது வழி சொல்லுங்கள்.

பதில் 1:
டிலீட் மட்டும் செய்யாதீர்கள். எழுத்து அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் வளைந்து நிற்கிறது, கோடு போனால் வளைவும் போய்விடும். கோடு அங்கேயே இருக்கட்டும், அதன் நிறத்தை மட்டும் எடுத்துவிடுங்கள்.
முதலில் வெற்றிடத்தில் ஒரு முறை சொடுக்கி எல்லாத் தேர்வையும் விடுங்கள். அப்புறம் எழுத்தே இல்லாத கீழ்ப்பாதியில், கோட்டின் மேல் சரியாகச் சொடுக்குங்கள். கண்ட்ரோல் ஷிஃப்ட் எஃப் அழுத்தினால் ஃபில் அண்ட் ஸ்ட்ரோக் (உள்நிறமும் ஓரக்கோடும்) பலகை திறக்கும். அதில் ஸ்ட்ரோக் பெயிண்ட் பக்கத்துக்குப் போய்ப் பெருக்கல் குறியைத் தேர்ந்தெடுங்கள். அவ்வளவுதான்.
எழுத்து ஏன் காணாமல் போனது என்றால், அப்போது நீங்கள் தேர்ந்தெடுத்திருந்தது கோட்டை இல்லை, எழுத்தை. எழுத்தின் உள்நிறம் போய்விட்டது. கண்ட்ரோல் இசட் அழுத்தினால் திரும்பி வந்துவிடும்.

கேட்டவர்:
நன்றி. ஆனால் இந்த முறை கோட்டைத்தான் தேர்ந்தெடுத்தேன், கீழே இருக்கும் நிலைப் பட்டையிலும் அப்படித்தான் காட்டுகிறது. வண்ணப் பட்டையின் பெருக்கல் குறியைச் சொடுக்கினால் எதுவும் நடக்கவில்லையே?

பதில் 2:
பலகைக்குப் போகாமல் வண்ணப் பட்டையிலேயே செய்திருக்கிறீர்கள், அதுதான் சிக்கல். அங்கே வெறுமனே சொடுக்கினால் மாறுவது உள்நிறம். உங்கள் வட்டத்துக்கு உள்நிறமே இல்லை என்பதால் எதுவும் நடக்காதது போலத் தெரிகிறது. ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு அதே பெருக்கல் குறியைச் சொடுக்குங்கள், ஓரக்கோடு போய்விடும். நான் கோரல்டிரா என்ற இன்னொரு வரைகலை மென்பொருளிலிருந்து வந்தவன். அங்கே இடது சொடுக்கு உள்நிறத்துக்கு, வலது சொடுக்கு ஓரக்கோட்டுக்கு. அந்தப் பழக்கம் கையை விட்டுப் போக எனக்கு வெகுநாள் ஆனது.

கேட்டவர்:
போய்விட்டது! பெயர் இப்போது சுத்தமாக நிற்கிறது, மு-வின் வால் முழுசாகத் தெரிகிறது. ரொம்ப நன்றி. ஆனால் வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கோட்டை எங்கே என்று தேடிச் சொடுக்குவது?

பதில் 1:
தேட வேண்டாம். எழுத்தைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட் டி அழுத்துங்கள், அது எந்தக் கோட்டின் மேல் இருக்கிறதோ அந்தக் கோடு தானாகத் தேர்வாகிவிடும். இல்லையென்றால் வியூ மெனுவில் டிஸ்ப்ளே மோடை அவுட்லைனுக்கு மாற்றுங்கள், நிறம் இல்லாத கோடெல்லாம் மெல்லிய கம்பி போலத் தெரியும். வேலை முடிந்ததும் நார்மலுக்குத் திரும்பிவிடுங்கள்.

பதில் 3:
இது ஏதோ குறுக்கு வழி என்று நினைக்க வேண்டாம். இங்க்ஸ்கேப் படத்தைச் சேமிக்கும் எஸ்விஜி கோப்பின் அமைப்பே இப்படித்தான். 2001-இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே டெக்ஸ்ட்பாத் என்று ஓர் உறுப்பு உண்டு. அது கோட்டின் அடையாளப் பெயரை மட்டும் சொல்லி, 'இதன் வழியாக எழுத்தைக் கொண்டு போ' என்கிறது. கோட்டுக்கு நிறம் இருக்கிறதா இல்லையா என்பது அதற்குத் தேவையே இல்லை.

பதில் 4:
இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் இதே கேள்வியோடு இங்கே வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. அங்கே டைப் ஆன் எ பாத் கருவியால் கோட்டைத் தொட்டதுமே அதன் நிறம் தானாகப் போய்விடும். அதற்குப் பிறகும் நீலமாக ஒரு கோடு தெரிந்தால் அது தேர்வைக் காட்டும் வழிகாட்டிக் கோடு, அச்சிலோ ஏற்றுமதியிலோ வராது. வெளியே சொடுக்கினால் மறைந்துவிடும். உண்மையிலேயே நிறம் இருக்கிறது என்றால் டைரக்ட் செலக்‌ஷன் கருவியால் (வெள்ளை அம்பு) கோட்டை மட்டும் தொட்டு ஸ்ட்ரோக்கை நீக்குங்கள், சாதாரண கருப்பு அம்பால் தொட்டால் மாற்றம் எழுத்துக்குப் போய்விடும். ஃபோட்டோஷாப்பிலும் அந்த எழுத்து இருக்கும் லேயரை (அடுக்கை) தேர்ந்தெடுத்திருக்கும்போது தெரிகிற மெல்லிய கோடு திரைக்கு மட்டும்தான். சந்தேகம் வந்தால் பிஎன்ஜி படமாக ஏற்றுமதி செய்து பெரிதாக்கிப் பாருங்கள், அதில் இல்லாத கோட்டுக்காகக் கவலைப்பட வேண்டாம்.

பதில் 2:
கோரல்டிராவில் இன்னும் சுலபம். எழுத்தும் கோடும் ஒன்றாக இருக்கும்போது கண்ட்ரோல் கே கொடுத்துப் பிரித்தால் எழுத்து வளைந்தபடியே நிற்கும், கோட்டைத் தனியாக எடுத்து அழித்துவிடலாம். பிரித்த பிறகு கோட்டை இழுத்து வளைவை மாற்ற முடியாது, அதனால் அளவெல்லாம் முடிவான பிறகு செய்யுங்கள்.

கேட்டவர்:
அச்சகத்தில் கோப்பைத் திறந்தால் என் எழுத்துரு அவர்களிடம் இருக்காது. அப்போது என்ன ஆகும்?

பதில் 1:
வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்துகொள்ளும், இடைவெளியெல்லாம் கலைந்துவிடும். அதனால் முதலில் கோப்பை வேறு பெயரில் ஒரு நகல் எடுங்கள். நகலில் எழுத்தைத் தேர்ந்தெடுத்து பாத் மெனுவில் ஆப்ஜெக்ட் டு பாத் கொடுங்கள். எழுத்து வெறும் வடிவமாகிவிடும், எழுத்துரு தேவைப்படாது, வட்டத்தையும் பிடித்துக்கொண்டு நிற்காது. அதன் பிறகு வட்டத்தை டிலீட் செய்தாலும் எழுத்து அசையாது. மூலக் கோப்பைப் பத்திரமாக வையுங்கள், பெயரில் ஒரு எழுத்துப்பிழை தெரிந்தால் அங்கேதான் திருத்த முடியும்.

கேட்டவர்:
செய்துவிட்டேன். நகலில் வட்டத்தை அழித்தேன், எழுத்து அப்படியே நிற்கிறது. பிடிஎஃப் எடுத்துப் பெரிதாக்கியும் பார்த்தேன், மு, ழு, து எதன் வாலிலும் கோடு இல்லை. எல்லோருக்கும் நன்றி.