சோளன் சீடரில (விதை போடுற மெசினில) ஒரு வரி மட்டும் விட்டு விட்டு விழுது, பிளேட் மாத்தணுமா?

வாகரை மேட்டுநிலம்:
டிரக்டருக்குப் பின்னால கொழுவுற 4 வரி சீடர், சாய்வு பிளேட் வகை (விதையைக் குழியில எடுத்துப் போடுற சுழல் தட்டு), பிளேட்டுக்கு 12 குழி. வரிக்கு வரி 60 செ.மீ., விதைக்கு விதை 30 செ.மீ. பெரும்போக மழை பிடிக்க முதல் காய்ஞ்ச நிலத்தில ஓட்டிப் பார்த்தா, மூண்டாவது வரியில ரெண்டு மூண்டு அடிக்கு விதையே இல்லை. பிறகு ஒரே இடத்தில நாலைஞ்சு கிடக்கு. மற்ற மூண்டு வரியும் பரவாயில்லை, ஆனா இடைக்கிடை ரெட்டை. விதை மருந்து பூசின கலப்பினம், 5 கிலோ பக்கட். பிளேட் தேய்ஞ்சிட்டு, புதுசு போடு எண்டு கடையில சொல்றாங்க. உண்மையா?

படுவான்கரை:
இப்போதைக்குப் பிளேட் வாங்காதீங்க தம்பி. ஒரு குழிக்கு ஒரு விதை எடுக்கிற பிளேட்டால நாலைஞ்சை ஒரே இடத்தில போட ஏலாது. விதை எங்கயோ தங்கி நிண்டு, சேர்ந்ததும் ஒண்டாக் கொட்டுது. பிளேட்டுக்குக் கீழதான் தேடணும்: விதை இறங்குற டியூப், இல்லாட்டி கொழுவுக்குப் பின்னால உள்ள வாய்.

உறுதிப்படுத்த, சீடரைத் தூக்கி, சட்டத்துக்குக் கீழ மரக்குத்தி வைச்சு, எஞ்சினை நிப்பாட்டுங்க. ஹைட்ரோலிக்கை நம்பிக் கீழ கை விடவேணாம். மூண்டாவது டியூபை மேல் கழுத்தில கழட்டி, அந்த இடத்தில ஒரு பையைக் கட்டிட்டு, பிளேட்டை ஓட்டுற சில்லை முன்பக்கமா 10 சுற்று கையால சுத்துங்க. சில்லுக் குறுக்களவு 40 செ.மீ. எண்டா ஒரு சுற்று 1.26 மீற்றர், 10 சுற்று 12.6 மீற்றர். 30 செ.மீ.க்கு ஒண்டு எண்டா 42 விதை வரணும். உங்கட சில்லை அளந்து இதே மாதிரிக் கணக்குப் போடுங்க. பிறகு டியூபைப் பூட்டி, கீழ் வாயில பை பிடிச்சு இன்னொருக்கா. மேல 42, கீழ 30 எண்டா மிச்சம் டியூபுக்குள்ள நிக்கு.

போன போகத்தில இருந்து கொட்டிலுக்க கிடந்த சீடர் எண்டா முதல் சந்தேகம் குளவி மண், குளவி உள்ளுக்குக் கட்டின மண்கூடு. டியூபைக் கழட்டி வெயிலுக்கு நேரே பிடிச்சா தெரியும். பாதி அடைச்சிருந்தாலும் காணும், அந்த மண் மேட்டில விதை தட்டி நிக்கும். அடுத்தது மடிப்பு. தூக்கி வைச்சுப் பார்க்கேக்க நேரா நிக்கிற டியூப், கொழு நிலத்தில ஊண்டினதும் மேல தள்ளுப்பட்டு மடியும். அதால இறக்கி வைச்சும் ஒருக்காப் பாருங்க. நீளம் கூடின டியூபை வெட்டிக் குறைக்கிறதுதான் மருந்து.

வாயில மண் அடைக்கிறது பெரும்பாலும் ஓட்டுறவர் கையில கிடக்கு. நிண்ட இடத்தில இறக்கினாலும், கொழு மண்ணுக்க கிடக்கேக்க ரிவேர்ஸ் போட்டாலும் ஈரமண் நேரே வாய்க்குள்ள ஏறும். டிரக்டர் முன்னுக்கு அசையத் தொடங்கினாப் பிறகு இறக்கணும்.

சம்மாந்துறை வேர்க்‌ஷொப்:
டியூப் விசயம் சரி. ரெட்டை வேற கதை, அது பிளேட்டுக்கு மேல. சாய்வு பிளேட், கீழ கிடக்கிற விதைக்குள்ள புகுந்து ஒண்டொண்டா மேல தூக்கிட்டு வாற மாதிரி செய்தது. பெட்டியில இருந்து விதை வாற கதவைக் கூடத் திறந்து வைச்சா பிளேட் விதைக்குள்ள தாழ்ந்து போய், குழிக்கு மேல இன்னொண்டும் ஏறி வரும். கதவைக் கொஞ்சம் கொஞ்சமா அடைச்சுப் பாருங்க. பிளேட்டிட கீழ்ப்பாதி மட்டும் விதைக்குள்ள நிண்டாக் காணும்.

பக்கட்டைக் கொட்டி விதையையும் பாருங்க. சோளன் கதிரிட நடுவில சப்பட்டை விதை, ரெண்டு நுனியிலயும் உருண்டை. ரெண்டும் கலந்து கிடந்தா ஒரு பிளேட் ரெண்டுக்கும் ஒத்துவராது. சப்பட்டை ரெண்டு ஒரு குழிக்குள்ள இருக்கும், பெரிய உருண்டை குழியில இருக்காமலே உருளும். ஒரே அளவு விதை எடுத்து, அதுக்குச் சரியான குழி உள்ள பிளேட்டைப் போடுறதுதான் வழி.

மருந்துப் பூச்சு பிசுபிசுத்தா 5 கிலோவுக்கு அரைத் தேக்கரண்டி காரீயத் தூள் (ஈயம் இல்லை, பென்சிலுக்குப் போடுற கிராபைட்) கலந்து பிரட்டுங்க, கையுறையோட. போகலயிலயும் கஹட்டகஹவிலயும் தோண்டுற அதே காரீயம்தான். எண்ணெய், கிறீஸ் ரெண்டும் வேணவே வேணாம். தூசியைப் பிடிச்சுக் களியாக்கிப் போடும்.

வாகரை மேட்டுநிலம்:
குளவி மண்தான் அண்ணன், டியூப் சுத்தமாயிட்டு. குவியலா விழுறது நிண்டுட்டு. என்ட சில்லும் 40 செ.மீ.தான், ஆனா மூண்டாவது வரியில 42க்கு 38தான் வருது, டியூப் கழட்டினாலும் அதே 38. சம்மாந்துறைக் காக்கா, இது தேய்மானமா?

சம்மாந்துறை வேர்க்‌ஷொப்:
12 குழிப் பிளேட்டுக்கு 42 விதை எண்டா மூண்டரைச் சுற்று. ஒரு குழி அடைபட்டா மூண்டு, நாலு குறையும். உங்கட 38 அதோட அப்படியே பொருந்துது. தேய்மானம் எண்டா எல்லாக் குழியிலயும் கொஞ்சம் கொஞ்சம் பிழைக்கும், இப்படி ஒழுங்கா நாலு குறையாது. பிளேட்டைக் கழட்டுங்க, ஒரு குழியில உடைஞ்ச விதை நுனியோ, மருந்துப் பூச்சுத் தூளோ இறுகிக் கிடக்கும். ஆணி, ஸ்க்ரூட்ரைவர் போட்டுக் கிண்டினா குழி அகலும், பிறகு ரெட்டைதான். ஈர்க்கால குத்தி எடுத்து, சவர்க்காரத் தண்ணியில கழுவி, நல்லாக் காயவைச்சுப் பூட்டுங்க.

அதுக்குப் பிறகும் 38 எண்டா ரெண்டாவது வரிப் பிளேட்டோட மாத்திப் போடுங்க. குறைவு ரெண்டாவதுக்குப் போனா பிளேட், அப்ப வாங்கலாம். மூண்டாவதிலயே நிண்டா, அந்த வரியிட பல்லுச்சில்லு தண்டில வழுக்குதா எண்டு, ரெண்டையும் சேர்த்துப் பூட்டுற சாவிக் கட்டையைப் பாருங்க.

படுவான்கரை:
நாலு வரியும் ஒண்டாக் குறைஞ்சா பிளேட்டுகளைத் தொடவேணாம். செயின் பல்லுத் தாண்டுது, இல்லாட்டி ஈரத்தில சில்லு வழுக்குது. மணிக்கு 4, 5 கிலோமீற்றருக்கு மேல ஓட்டினாலும் குழி நிரம்ப நேரம் இல்லாமல் விடும். முதல் சால் முடிஞ்சதும் ஒவ்வொரு வரியிலயும் 3 மீற்றரைக் கையால கிளறி எண்ணுங்க. 10 விதை, 3 தொடக்கம் 5 செ.மீ. ஆழத்தில கிடக்கணும்.