பிள்ளையின்ர கண்ணுக்கு ஸ்டீரொயிட் போகுது, நிப்பாட்டலாமோ?

கோண்டாவில் அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். மகளுக்கு எட்டு வயசு. முழங்கால் வீக்கத்துக்கு பெரியாஸ்பத்திரி கிளினிக்கில காட்டிக்கொண்டு வாறம், அவை கண்ணையும் ஒருக்கா பாப்பம் எண்டு அனுப்பிச்சினம், பாத்தால் ரெண்டு கண்ணுக்குள்ளயும் அழற்சியாம், யுவெயிற்றிஸ் எண்டினம். கண் சிவக்கவும் இல்லை, நோவும் இல்லை. இப்ப பிரெட்னிசொலோன் எண்ட ஸ்டீரொயிட், சொட்டு மருந்தாவும் குளிசையாவும் போகுது. முகம் ஊதிப்போச்சு, எந்நேரமும் பசி, இரவில நித்திரையும் குறைவு. மாமி ஆக்கள் பிள்ளை வளராது, நிப்பாட்டிப்போட்டு பரியாரியிட்ட காட்டுங்கோ எண்டு நிக்கினம். கண் நல்லாத்தானே தெரியுது, நிப்பாட்டினால் என்ன? பயமாக் கிடக்கு.

சுன்னாகம் அக்கா:
தங்கச்சி, நீங்களா நிப்பாட்டிப்போடாதேங்கோ. என்ர மகனுக்கும் உதே வருத்தம்தான். மூட்டுவாதம் இருக்கிற பிள்ளையளுக்கு கண்ணுக்குள்ள வாற அழற்சி சத்தமில்லாமல்தான் வரும், பிள்ளை ஒண்டும் சொல்லாது, வெளியால பாத்து எங்களுக்கும் தெரியாது, ஸ்லிட் லாம்ப் எண்ட கண் பாக்கிற மெசினில வைச்சுப் பாத்தால்தான் பிடிபடும். அதை விட்டால் கண்மணி உள்ளுக்க ஒட்டிப்போகும், வெண்புரை வரும், கண் பிறஷர் ஏறும், கடைசியில பார்வை போகும். அப்பிடிப் போன பார்வை எல்லாம் திரும்பி வராது. நல்லாத் தெரியுது எண்டு நீங்கள் சொல்லுறதே மருந்து வேலை செய்யிறதாலதான். முகவீக்கம் டோஸ் குறையக் குறைய வத்தும், மகனுக்கு வத்தினது. குளிசையைக் காலமை சாப்பாட்டோட குடுங்கோ, நித்திரைக்கும் அது நல்லம்.

மருந்தாளர் தம்பி:
அக்கா சொன்னது சரி. ஸ்டீரொயிட் குளிசை கொஞ்சக் காலம் தொடர்ந்து போனால் உடம்பு தன்ர பாட்டில கோட்டிசோல் எண்ட ஹோர்மோனைச் சுரக்கிறதைக் குறைச்சிடும், அந்த நேரம் திடீரெண்டு நிப்பாட்டினால் சத்தி, மயக்கம், இரத்தப் பிறஷர் விழுறது எல்லாம் வரலாம், உயிருக்கே ஆபத்து. அதாலதான் டொக்டர்மார் படிப்படியாக் குறைக்கினம். காய்ச்சல் வந்தாலோ குளிசையைச் சத்தி எடுத்தாலோ உடன ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்டீரொயிட் எடுக்கிற பிள்ளை எண்டு முதல்ல சொல்லுங்கோ. சொட்டு மருந்துப் போத்திலை நல்லாக் குலுக்கிப்போட்டு விடோணும், ஏனெண்டால் மருந்து அடியில தங்கும்.

மாமி சொன்னதிலயும் உண்மை இருக்கு. கனகாலம் குடுத்தால் வளர்த்தி குறையும், சொட்டு மருந்தாலயே கண் பிறஷர் ஏறும், வெண்புரையும் வரலாம். அதனாலதான் அழற்சியைக் கெதியா அடக்க மட்டும் ஸ்டீரொயிட்டைக் குடுத்து, பிறகு மெதோட்ரெக்சேற் எண்ட, ஸ்டீரொயிட் இல்லாமல் அழற்சியை அடக்கிற மருந்துக்கு மாத்தப் பாக்கினம். அது வேலை செய்யக் கிழமைக் கணக்கா எடுக்கும், அதுவரைக்கும் ஸ்டீரொயிட் தாங்கும். மெதோட்ரெக்சேற் கிழமைக்கு ஒருக்கா மட்டும்தான், நாளாந்தம் குடுத்திடக்கூடாது. அதுக்கும் அடங்காட்டி அழற்சியை அடக்கிற அடலிமுமாப் எண்ட ஊசி இருக்கு. 2017இல வந்த பிரித்தானிய ஆய்வு ஒண்டில மெதோட்ரெக்சேற்றோட அந்த ஊசியும் போட்ட பிள்ளையளுக்கு கண் நல்லா அடங்கினது, ஆனால் தொற்று வாற ஆபத்தும் கூட.

கோண்டாவில் அம்மா:
கனக்க நன்றி. மெதோட்ரெக்சேற் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. அடுத்த கிளினிக்கில என்ன கேக்கிறது?

சுன்னாகம் அக்கா:
ரெண்டு கண்ணின்ர பிறஷரும் எவ்வளவு எண்டு கேட்டு கொப்பியில எழுதுங்கோ, உயரம் நிறையையும் எழுதுங்கோ. ஸ்டீரொயிட்டைக் குறைக்க வேற மருந்து எப்ப துவங்குவியள் எண்டு நேர கேளுங்கோ, கேக்கிறதில பிழையில்லை. ஊசி போடுற கிளினிக்கில தடுப்பூசிக்கு முதல் இந்த மருந்துகளைச் சொல்லோணும். வகுப்பில ஆருக்கும் கொப்பளிப்பான் வந்தால் உடன அறிவிக்கச் சொல்லி ரீச்சரிட்டயும் சொல்லி வையுங்கோ. மாமியையும் ஒருக்கா கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, டொக்டரின்ர வாயால கேக்கட்டும்.