லாக் (செயல்பதிவு) அமைப்பை யாரோ மாற்றிவிட்டார்கள்: எப்படிக் கண்டறிவது?

மண்டபம் உறுப்பினர்:
வணக்கம். எங்கள் கருவாட்டு வியாபாரத்தின் கணக்குகள் அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸின் மும்பை ரீஜனில் இருக்கின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அந்தப் பக்கமே நான் போகவில்லை. விசைப்படகுகள் கடலுக்குப் போன மறுநாள் திறந்து பார்த்தபோது கணக்கில் யார் என்ன செய்தார் என்று பதியும் கிளவுட்ட்ரெயில் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் லாக் சேரும் எஸ்3 பக்கெட்டில் (கோப்புச் சேமிப்பிடத்தில்) கடைசி இரண்டு நாள் கோப்புகளே மிஞ்சியிருந்தன. கோப்புகளை எத்தனை நாளில் நீக்குவது என்று சொல்லும் லைஃப்சைக்கிள் விதியில் நான் 365 நாள் என்று வைத்திருந்தேன், இப்போது 1 நாள் என்று இருக்கிறது. ட்ரெயிலை (கிளவுட்ட்ரெயிலின் பதிவோட்டத்தை) நிறுத்தினால் மின்னஞ்சல் வரும்படி செய்திருந்தும் எதுவும் வரவில்லை. செய்தவரைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

கீழக்கரை உறுப்பினர்:
உண்டு. கிளவுட்ட்ரெயிலிலேயே உள்ள ஈவண்ட் ஹிஸ்டரி, பக்கெட்டை நம்பியிருப்பதில்லை. அமைப்பை மாற்றுவது போன்ற மேலாண்மை நிகழ்வுகளைக் கடந்த 90 நாளுக்கு அது தனியே வைத்திருக்கும், யாராலும் அழிக்க முடியாது. ஆனால் நாளொன்று கழிந்தால் பழைய நாளொன்று உதிர்ந்துவிடும் என்பதால் இன்றே முழுவதையும் தரவிறக்கிக்கொண்டு, லைஃப்சைக்கிள் விதியை மாற்றும் அழைப்பான புட்பக்கெட்லைஃப்சைக்கிள் என்ற பெயரைத் தேடுங்கள். பக்கெட்டில் டெலிட் அழைப்புகளைத் தேடிப் பயனில்லை, லைஃப்சைக்கிள் செய்யும் நீக்கம் கிளவுட்ட்ரெயிலில் பதிவாகாது.

தொண்டி உறுப்பினர்:
ட்ரெயிலை நிறுத்தும் ஸ்டாப்லாகிங், அழிக்கும் டெலிட்ட்ரெயில் ஆகிய இரண்டுக்கு மட்டும் காவல் வைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. விவரம் தெரிந்தவர் ட்ரெயிலை நிறுத்தவே மாட்டார். எதைப் பதிவது என்று தீர்மானிக்கும் புட்ஈவண்ட்செலக்டர்ஸ் வழியாக வாசிப்பு நிகழ்வுகள் மட்டும் போதும் என்று மாற்றிவிட்டால், ட்ரெயில் ஓடிக்கொண்டே இருக்கும், அவர் செய்யும் மாற்றம் ஒன்றும் அதில் விழாது. இதற்கும், அப்டேட்ட்ரெயில் (ட்ரெயில் அமைப்பு மாற்றம்), பக்கெட் பாலிசி (அணுகல் உரிமை) மாற்றம், லைஃப்சைக்கிள் எல்லாவற்றுக்கும், நிகழ்வு நடந்ததும் எச்சரிக்கை அனுப்ப உதவும் ஈவண்ட்பிரிட்ஜில் விதி எழுதுங்கள். அந்த விதிகளுக்கும் ஓடுகின்ற ட்ரெயில் ஒன்று தேவைப்படுவதால், நிறுவனத்தின் எல்லாக் கணக்குகளுக்கும் பொதுவான ஆர்கனைசேஷன் ட்ரெயில் அமைத்து லாக்கை வேறு கணக்கிலுள்ள பக்கெட்டுக்கு அனுப்புவதே சரி. உறுப்புக் கணக்கிலிருந்து அந்த ட்ரெயிலைத் தொட முடியாது. அந்தப் பக்கெட்டில் ஆப்ஜெக்ட் லாக்கை (கோப்புப் பூட்டை), குறித்த காலம்வரை யாராலும் அழிக்க முடியாத கம்ப்ளையன்ஸ் முறையில் போடுங்கள். பூட்டுக் காலத்தை அதற்கேற்ப வைத்தால், இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022இல் விதித்த 180 நாள் லாக் சேமிப்பும் இதிலேயே நிறைவேறும். தினமும் காலையில், இருக்க வேண்டிய அமைப்பையும் இருக்கின்ற அமைப்பையும் ஒப்பிடும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றும் அவசியம், எச்சரிக்கை தவறினாலும் அது பிடித்துவிடும்.

மண்டபம் உறுப்பினர்:
இருவருக்கும் நன்றி. ஏப்ரல் 19, அதிகாலை 2.40 மணிக்கு மாற்றம் நடந்திருக்கிறது. பயன்பட்டது, போன ஆண்டே வேலையை விட்டுச் சென்ற ஒருவருக்காக நான் உருவாக்கிய ஆக்சஸ் கீ (கணக்குக்குள் நுழையும் ரகசியச் சாவி), முடக்க மறந்திருக்கிறேன். அவரே பயன்படுத்தினாரா, வேறொருவர் கையில் சிக்கியதா என்பது ஐபி முகவரியை மட்டும் வைத்துத் தெரியவில்லை. கீயை முடக்கிவிட்டேன். அதே கீ வேறெங்கெல்லாம் போயிருக்கிறது என்று ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.